ஷட்டர் ஸ்பிரிங் ஒடஞ்ச கதையும், அதுக்கப்புறம் கார் ஷெட்டுல நான் பாத்த வேலையும்

போன புரட்டாசில ஒரு ராத்திரி, பன்னெண்டு மணி இருக்கும், பொறத்த "டமார்"னு ஒரு சத்தம். எங்க கார் ஷெட்டு பக்கத்துல ரெண்டு தென்னை நிக்குது, தேங்கா விழுந்து தகரத்துல அடிச்சா இதே சத்தம்தான் வரும், அதனால திரும்பி படுத்துட்டேன். காலையில பாத்தா தேங்காயும் இல்ல ஒண்ணும் இல்ல. எவனாவது பொறுக்கிட்டு போயிருப்பான்னு விட்டாச்சு. அதுக்கு மூணாம் நாளு தெரிஞ்சுது அது என்ன சத்தம்னு.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல, திங்கள்சந்தைலேருந்து மணவாளக்குறிச்சி போற பக்கம், கடல் நாலு கிலோமீட்டர் கூட கெடையாது, காத்து அடிச்சா உப்பு வாசம் வரும். அப்பா கட்டின வீடு. ஷெட்டுக்கு 9 அடி அகலம் 8 அடி உயரத்துல, கடைக்கு போடுத மாதிரியே இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டிருந்தாவ. ரொம்ப வருஷம் கையாலதான் தூக்கி எறக்கிட்டு இருந்தோம். ரெண்டு வருஷம் முன்ன தம்பி மஸ்கட்டுலேருந்து லீவுக்கு வந்தவன் "அம்மை குனிஞ்சு நிமுந்து கஷ்டப்படுதா"ன்னு சொல்லி மோட்டார் போட்டு குடுத்துட்டு போனான். சென்ட்ரல் மோட்டார்னு சொல்லுவாங்க, ஷட்டர் பைப்புக்கு நடுவுல மாட்டுறது, பழைய ஸ்பிரிங் எல்லாம் அப்பிடியே இருக்கும், மோட்டார் அதுக்கு ஒரு கை குடுக்கும் அவ்வளவுதான். ரிமோட் ரெண்டு, செவத்துல ஒரு சுவிட்ச். கரண்டு இல்லாதப்ப எறக்கணும்னா மோட்டார்லேருந்து ஒரு ஒயர் தொங்கும், அத இழுத்தா பிரேக் விட்டுரும், அப்புறம் கையாலயே ஏத்தி எறக்கலாம். அந்த ஒயர இழுக்க அம்மைக்கு சொல்லி குடுத்தது நான்தான்.

அன்னைக்கு காலைல டியூட்டிக்கு கெளம்புற நேரம், ஏத்துற பட்டன அமுக்குனேன், மோட்டார் ஒரு மாதிரி முனகிட்டே ஏறுச்சு. ஆள் உயரத்துக்கு வந்ததும் கரண்டு போயிருச்சு. எனக்கோ லேட்டு, பைக்க குனிஞ்சு வெளியே எடுத்துட்டு அப்பிடியே போயிட்டேன். பத்து மணிக்கு மேல மழை பிடிச்சிருக்கு, தண்ணி உள்ள அடிக்குதுன்னு அம்மை வந்து ஷட்டர எறக்கலாம்னு அந்த ஒயர இழுத்திருக்கா. எப்பவும் ஒயர இழுத்தா ஷட்டர் அங்கயே நிக்கும், நாமதான் கொக்கிய போட்டு கீழ இழுக்கணும். அன்னைக்கு அது நிக்கல. மொதல்ல பைய எறங்குன மாதிரி இருந்துச்சாம், அப்புறம் ஒரே போடு. எம் பொண்ணுக்கு அஞ்சு வயசு, அவ மூணு சக்கர சைக்கிள் சரியா வாசப்படி கோட்டுல நின்னுச்சு, ஹேண்டில் பாரு மடங்கி, முன்சக்கரம் சப்பட்டையா போச்சு. அவ அதுக்கு ஒரு நிமிஷம் முன்னதான் மட்டிப் பழம் எடுக்க அடுக்களைக்கு ஓடியிருக்கா.

எனக்கு போன் வந்தப்ப அம்மைக்கு பேச்சே வரல. "சைக்கிளு... சைக்கிளு..."ங்கா, நான் புள்ளைக்குன்னு நெனச்சு, அந்த பதினஞ்சு நிமிஷம் வண்டி ஓட்டுன வெப்ராளம் இருக்கே, அத விடுங்க.

வந்ததும் மொத வேலையா ஷெட்டு கரண்ட நிறுத்த எம்சிபி சுவிட்ச ஆஃப் பண்ணுனேன், ரிமோட் ரெண்டையும் எடுத்து பீரோவுக்குள்ள வச்சு பூட்டுனேன். ஷட்டர் கீழ கெடந்துச்சு, அதனால அதுக்கு மேல ஆபத்து இல்ல. மேல நின்னிருந்தா ரெண்டு பக்கமும் மரத்துண்டு முட்டு குடுக்காம யாரையும் அடியில போக விட்டிருக்க மாட்டேன். உள்ள வழியா போய் கையால தூக்கி பாத்தேன், ஒரு சாண் கூட ஏறல. முன்ன அம்மை ஒத்தக் கையால தூக்குன ஷட்டர். அப்பதான் அந்த தேங்கா சத்தம் ஞாபகம் வந்துது.

தக்கலைலேருந்து ஷட்டர் வேலை பாக்குற ஒரு அண்ணாச்சிய வரச் சொன்னேன், அம்பத்தஞ்சு வயசு இருக்கும். வந்தவரு ஷட்டர தொடவே இல்ல, நின்னு மேல ஹூட்ட, அதாவது ஷட்டர் சுருள மூடியிருக்க தகரப் பெட்டிய, ஒரு பார்வை பாத்துட்டு கேட்ட மொத கேள்வி, "சத்தம் எத்தன நாளு முன்ன கேட்டுது?" எனக்கு சிரிப்பும் வந்துது அழுகையும் வந்துது.

ஹூட்ட கழத்தி பாத்தா உள்ள மூணு ஸ்பிரிங். ஒண்ணு நடுவுல ரெண்டா போய் கெடக்கு, ஒடஞ்ச எடத்துல பாதி வட்டம் பழைய துரு, மீதி பாதி பளபளன்னு புதுசா. அதாவது அது ஒரு ராத்திரில ஒடையல, பாதி ஒடஞ்சு ரொம்ப நாளா தொங்கிட்டு இருந்துருக்கு. இன்னொண்ணு முழுக்க துருப்பிடிச்சு கையால தடவுனா செதிளு செதிளா வருது. மூணாவது மட்டும் பரவால்ல.

இந்த ஸ்பிரிங்கு என்னத்துக்குன்னு கொஞ்சம் வெளக்கி சொல்லிருதேன், ஏன்னா எனக்கே இது அன்னைக்குதான் மண்டைல ஏறுச்சு. நம்ம ஷட்டர் 18 கேஜ் தகடு, 1.2 மில்லிமீட்டர் பக்கம். பட்டைக்கு வளைவு மடக்கு எல்லாம் சேத்தா ஒரு சதுர மீட்டருக்கு 12, 13 கிலோ வரும், 9க்கு 8 அடின்னா மொத்தம் 80 கிலோவ தாண்டும். ஒரு ஆளு எடை. அத ஒரு வயசான அம்மா ஒத்தக் கையால தூக்குதான்னா மீதி எடைய தூக்குறது ஸ்பிரிங்கு. ஷட்டர் எறங்க எறங்க ஸ்பிரிங் முறுகும், தொங்குற எடையும் கூடும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா போறதாலதான் எங்க விட்டாலும் அங்க நிக்கும். ஸ்பிரிங் ஒடஞ்சா தொங்குற எடைக்கு ஈடு குடுக்க ஆள் பத்தாது, அது எறங்க எறங்க கூடிக்கிட்டே வேற போகும், அதனாலதான் மொதல்ல பைய வந்து அப்புறம் பாஞ்சுது. மோட்டார் இருந்ததால ஸ்பிரிங் போன விஷயமே எங்களுக்கு தெரியல, மூணு நாளா அது முனகிக்கிட்டே ஒத்தையா இழுத்துருக்கு. கையால தூக்குற ஷட்டரா இருந்திருந்தா மறுநாள் காலைலயே மாட்டியிருக்கும்.

மூணு ஸ்பிரிங்கயும் மாத்த சொல்லிட்டாரு அண்ணாச்சி. ஒண்ண மட்டும் மாத்தினா புதுசு மேல எல்லா பாரமும் போய் விழும், ஆறு மாசத்துல மறுபடி வரணும்னாரு. செலவு பாக்காம செரின்னேன்.

யூடியூப்ல பாத்து எல்லா வேலையும் நானே பண்ணுற ஆளு நான், மோட்டார் பம்ப கூட நானே பிரிச்சு மாட்டுவேன். ஆனா இந்த ஸ்பிரிங் முறுக்குற வேலைய கண்ணால பாத்த பொறகு சொல்லுதேன், இதுல கை வைக்காதீங்க. பைப்ப பிடிச்சிருக்க யூ கிளாம்ப லூஸ் பண்ணிட்டு, ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு 24 இஞ்சு பைப் ரெஞ்சு, ஒருத்தர் பிடிச்சிருக்க இன்னொருத்தர் கால் சுத்து சுத்துறாரு, அவரு பிடிச்சுக்க இவரு ரெஞ்ச எடுத்து மாத்தி போடுறாரு, ஒவ்வொரு தடவையும் வாய விட்டு "பிடிச்சாச்சு" "விட்டாச்சு"ன்னு சொல்லிட்டுதான் அடுத்தது. ரெஞ்சு சுத்துற கோட்டுல யாரும் நிக்கக் கூடாது, நான் ஏணி பக்கம் போனதும் "தம்பி அங்கோட்டு தள்ளி நில்லுங்க"ன்னு ஒரு சத்தம். அண்ணாச்சிக்கு வலது தாடைல ஒரு நீளக் கோடு, தையல் போட்ட தழும்பு. கேக்காமலே அவரே சொன்னாரு, "கையில இருந்து நழுவுனது ஒரே ஒரு தடவதான்."

ஸ்பிரிங்க ஏத்துறதுக்கு முன்ன ஒரு சாக்குல போட்டு கிரீஸ அள்ளி பூசுனாரு, சுருளுக்கு உள்ளயும் விரல விட்டு. கடக்கரை பக்கம் கிரீஸ் இல்லாத ஸ்பிரிங்கு நிக்காது, உள்நாட்டுல குலசேகரம் பக்கம் பத்து வருஷம் ஓடுறது இங்க அஞ்சுல போயிரும்னு அவரு கணக்கு. முறுக்கி முடிச்சதும் சுருள் மேல நீளவாக்குல ஒரு சாக்பீஸ் கோடு போட்டாரு. அது முறுக்குக்கு அடையாளம், பின்னாடி எவனாவது கூட்டுனானா கொறச்சானான்னு பாத்தாலே தெரியும்.

அப்புறம் சோதனை. பிரேக் ஒயர இழுத்து மோட்டார விடுவிச்சுட்டு ஷட்டர கையால முழங்கால் உயரத்துக்கு தூக்கி கைய எடுத்தாரு, நின்னுது. இடுப்பு உயரம், நின்னுது. நெஞ்சு உயரத்துல விட்டா லேசா ஒரு விரக்கட மேல போச்சு, "கொள்ளாம்"னாரு. அம்மைய கூப்பிட்டு தூக்க சொன்னாரு, அவ பயந்துக்கிட்டே ரெண்டு விரல வச்சா, ஏறிருச்சு. இந்த சோதனைய மட்டும் ரோலிங் ஷட்டர் வச்சிருக்க எல்லாரும் வீட்டுல பண்ணலாம், ஒரு சல்லி காசு செலவில்ல. ஆனா மொதல்ல தரையோட தரையா எறக்கி வச்சுட்டு பிரேக்க விடணும், நடுவுல தொங்கும்போது இழுக்கக் கூடாது, அம்மை பண்ணுனது அதுதான். கீழேருந்து தூக்க முடியாத கனமா இருந்தா ஸ்பிரிங்கு போச்சு, அதோட விட்டுட்டு ஆள கூப்பிடுங்க.

ரெண்டு பக்கமும் ஷட்டர் ஓடுற பள்ளம் இருக்கே, கைடு சேனல், அத பாத்து அண்ணாச்சி தலைல அடிச்சுக்கிட்டாரு. வருஷக்கணக்கா நாங்க அதுல தேங்கா எண்ணெய் விட்டிருக்கோம், சத்தம் வந்தா எண்ணெய், இறுகுனா எண்ணெய், எங்க வீட்டுல தலைக்கும் அதுதான் கதவுக்கும் அதுதான். அதுல எங்க ஊரு கருமணல் பறந்து வந்து ஒட்டி, கரி மாதிரி ஒரு கட்டியா உள்ள பிடிச்சிருந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரால சொரண்டி எடுத்தேன், ஒரு சிரட்டை நெறைய வந்துது. கைடுக்கு எண்ணெயும் வேண்டாம் கிரீஸும் வேண்டாம், கம்பி பிரஷ் போட்டு தொடச்சுட்டு சிலிகான் ஸ்பிரே, இல்லன்னா மெழுகுவத்திய எடுத்து தேச்சு விட்டா போதும். கிரீஸ் ஸ்பிரிங்குக்கு மட்டும்.

எடை விஷயம் இத்தோட முடிஞ்சுது, ஆனா எனக்கு தூக்கம் வரல. ஸ்பிரிங் சரியா இருந்தாலும் மோட்டார் எறக்கும்போது நடுவுல புள்ள நின்னா என்ன ஆகும்? அண்ணாச்சிட்ட கேட்டேன், "அதுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, அது பாட்டுக்கு சுத்தும்"னாரு. எனக்கு சொன்னா பத்தாது, கண்ணால பாக்கணும். பொறத்த வாழை வெட்டி கெடந்துச்சு, ஒரு முழம் தண்ட வெட்டி வாசக் கோட்டுல நிக்க வச்சேன். புள்ளைய உள்ள அனுப்பிட்டு எறக்குற பட்டன அமுக்குனேன். ஷட்டரோட அடிப்பட்டி வந்து தண்டு மேல உக்காந்துச்சு. மோட்டார் நிக்கல. பட்டை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு தளந்து கைடுக்குள்ள கடகடன்னு எறங்குது, மேல ஹூட்டுக்குள்ள மிச்சம் பொடைச்சுக்கிட்டு நிக்குது, ரெண்டு செகண்டு கழிச்சு தண்டு "நறுக்"னு ஒரு சத்தத்தோட பக்கவாட்டுல பிதுங்கி, தண்ணி தெறிச்சு சாஞ்சு போச்சு. அடிப்பட்டி பதிஞ்ச தடம் என் சுண்டு விரல் ஆழம் இருந்துச்சு. அதாவது ஸ்பிரிங்கு சமம் பண்ணுறது நம்ம கைக்கு மட்டும்தான். மோட்டார் அந்த ஸ்பிரிங்கயும் மீறி உருளைய சுத்திக்கிட்டே இருக்கும், அப்ப தொங்குற பட்டை முழுக்க அடியில மாட்டுனது மேலதான் உக்காரும்.

அமெரிக்காவுல கராஜ் கதவுக்கு இதுக்குன்னே சட்டம் இருக்கு. அவங்க கதவு வேற மாதிரி, பலகை பலகையா மடங்கி கூரைக்கு அடியில போய் படுத்துக்கும், ஆனா ஸ்பிரிங்கு, எடை, புள்ளைங்க எல்லாம் ஒரே கதைதான். அங்க மோட்டார் கதவுல புள்ளைங்க மாட்டி செத்த பொறகு, 1993 ஜனவரி 1லேருந்து விக்கிறதுக்கு செய்யுற வீட்டு கராஜ் மோட்டார் எதுவா இருந்தாலும், எதுலயாவது முட்டுனா தானா திரும்பி ஏறணும், அது போக முட்டுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்குற சென்சாரோ அடிப்பட்டில தொடு உணர்ச்சியோ இன்னொண்ணும் வேணும்னு கட்டாயமாக்கிட்டாங்க. சென்சார் தரைலேருந்து 6 இஞ்சுக்கு மேல இருக்கக் கூடாது, ஏன்னா தவழுற குழந்தையும் அதுல தட்டணும். ரெண்டுக்கு நாலு இஞ்சு மரத்துண்ட படுக்கப் போட்டு எறக்கி பாருங்க, மரத்துல பட்டதும் ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பலன்னா அந்த மோட்டார பயன்படுத்தாதீங்கன்னு சொல்லுவாங்க. மாசத்துக்கு ஒரு தடவ பாக்கணும்னும் சொல்லுவாங்க. நம்ம ஷட்டர் மோட்டாருக்கு எதுலயாவது முட்டுனா தெரியாது, அதனால எனக்கு மிச்சம் இருந்தது படுறதுக்கு முன்னாடி நிறுத்துற வழி ஒண்ணுதான்.

நாகர்கோவில் போய் ஐஆர் போட்டோ சென்சார் ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு கண்ணுக்கு தெரியாத ஒளிக் கோடு ஒண்ண அனுப்பும், எதிர்ல இருக்க ரிசீவர் வாங்கும், குறுக்க ஏதாவது வந்தா தெரிஞ்சிரும். கன்ட்ரோல் பெட்டிய தொறந்து பாத்தா எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. போர்டுலயே போட்டோசெல்லுக்குன்னு ரெண்டு டெர்மினல் இருக்கு, மோட்டார் மாட்டுனவங்க அதுல ஒரு சின்ன ஒயர் துண்ட குறுக்க போட்டு ஷார்ட் பண்ணி வச்சிட்டு போயிருக்காங்க. சென்சார் இருக்குன்னு போர்டு ரெண்டு வருஷமா நம்பிட்டு இருந்துருக்கு! எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தம்பி அன்னைக்கே வாங்கி குடுத்திருப்பான். உங்க வீட்டுல மோட்டார் ஷட்டரோ ஸ்லைடிங் கேட்டோ இருந்தா அந்த பெட்டிக்குள்ள இந்த மாதிரி ஒரு துண்டு ஒயர் கெடக்கான்னு ஒரு எலக்ட்ரீசியன விட்டு பாக்க சொல்லுங்க.

சென்சார்ல என்சி (நார்மலி குளோஸ்டு), என்ஓ (நார்மலி ஓப்பன்)ன்னு ரெண்டு வழி இருக்கும், என்சில மாட்டணும். என்சின்னா எல்லாம் ஒழுங்கா இருக்கும்போது சுற்று மூடி இருக்கும், குறுக்க யாராவது வந்தாலும் தொறக்கும், எலி ஒயர கடிச்சாலும் தொறக்கும், சென்சாருக்கு கரண்டு போனாலும் தொறக்கும், தொறந்தா ஷட்டர் எறங்காது. என்ஓல மாட்டினா ஒயர் அறுந்தாலும் ஷட்டர் பாட்டுக்கு எறங்கும், நமக்கு தெரியவே தெரியாது. தொந்தரவு எந்த பக்கம் வரணும்னு நாமதான் முடிவு பண்ணணும், எனக்கு ஷட்டர் எறங்காம மொரண்டு பிடிக்குற தொந்தரவு போதும்.

தரைலேருந்து அஞ்சர இஞ்சுல மாட்டுனேன். மொத நாள் நல்லா வேலை செஞ்சுது, மறுநாள் காலைல எறங்க மாட்டேங்குது, பத்து மணிக்கு மேல தானா சரியாகுது, அதுக்கடுத்த நாளும் அப்பிடியே. ரெண்டு நாளு மண்டைய பிச்சுக்கிட்டேன். ஷெட்டு கெழக்க பாத்தது, ஐப்பசில சூரியன் தெக்க சாஞ்சு உதிக்கும், வடக்கு தூண்ல தெக்க பாத்து நின்ன ரிசீவர் கண்ணுலயே வெயில் விழுந்துருக்கு. அனுப்புறத வடக்கயும் வாங்குறத தெக்கயும் மாத்தி போட்டேன், போதாததுக்கு ரிசீவருக்கு முன்ன ரெண்டு இஞ்சு பிவிசி பைப் துண்ட தொப்பி மாதிரி ஒட்டினேன், ஆனி ஆடில சூரியன் வடக்க போகும்போது அதுதான் காப்பாத்தணும். அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவ மொரண்டு பிடிச்சுது, போய் பாத்தா அந்த பைப்புக்குள்ள ஒரு பல்லி சொகமா படுத்திருக்கு.

இன்னொரு ஜோடியும் வாங்க வேண்டியதா போச்சு. அஞ்சர இஞ்சுல இருக்க கோடு புள்ள காலையும் நாயையும் பிடிக்கும், ஆனா கார் பாதி உள்ள பாதி வெளிய நிக்கும்போது கோடு ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, வண்டிக்கு அடியில போயிரும், ஒண்ணும் இல்லன்னு நெனச்சு ஷட்டர் கூரை மேல எறங்கும். சைக்கிளுக்கும் இதே கததான். அதனால ரெண்டாவது ஜோடிய ரெண்டு அடி உயரத்துல போட்டு, ரெண்டயும் வரிசையா இணைச்சேன், எது தொறந்தாலும் ஷட்டர் நின்னு திரும்பி ஏறும். அடிப்பட்டில தொடு உணர்ச்சி ரப்பர் போடலாமான்னும் யோசிச்சேன், ஷட்டரோட சேந்து சுருளுற ஒயருக்கு இந்த உப்புக் காத்துல ஆயுசு கம்மின்னு விட்டுட்டேன், சும்மா ஒரு தடிச்ச ரப்பர் பட்டை மட்டும் அடியில ஒட்டியிருக்கு.

சென்சாருக்கு ஒயர் இழுக்கும்போது இன்னொரு எளவு கண்ணுல பட்டுது. மோட்டாருக்கு போற மூணு ஒயர்ல எர்த்து ஒயர் பெட்டிக்குள்ள எங்கயும் மாட்டாம சுருட்டி வச்சிருக்கு. ஷட்டர் முழுக்க இரும்பு, மழைக்கு நனைஞ்சே நிக்கும், புள்ள வெறுங்காலோட அதுல சாஞ்சுதான் விளையாடும். இத நான் தொடல, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன கூப்பிட்டு எர்த்து குடுத்து, ஷெட்டு லைனுக்கு, கரண்டு கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டாச்சு.

சுவிட்ச் மூணர அடில இருந்துச்சு, அம்மைக்கு வசதின்னு. அது அஞ்சு வயசு புள்ளைக்கும் வசதிதான். இப்ப அஞ்சு அடிக்கு ஏத்தியாச்சு, அதுவும் ஷட்டர் கண்ணுக்கு தெரியுற எடத்துல. எறக்குற பட்டன அமுக்கி பிடிச்சிருந்தா மட்டும் எறங்கும், கைய எடுத்தா நிக்கும், அதுக்கு போர்டுலயே ஒரு குட்டி சுவிட்ச் இருந்துச்சு. ரிமோட்டுக்கு இப்ப ஏத்துற வேலை மட்டும்தான், எறக்குற பட்டன அழிச்சாச்சு. மழைல கார விட்டுட்டு எறங்கி வந்து பட்டன பிடிச்சுட்டு நிக்கணுமான்னு பொண்டாட்டி கேட்டா. ஆமா நிக்கணும், பதினெட்டு செகண்டு.

ஏத்துறதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. பக்கத்து வீட்டு பயலுவ ரெண்டு பேரு எங்க ஷட்டர் ஏறும்போது அடிப்பட்டிய பிடிச்சு தொங்கி மேல போறத ஒரு விளையாட்டா வச்சிருந்துருக்கானுவ, எம்பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். மேல போனா விரல் ஹூட்டுக்குள்ள போயிரும். இப்ப ஏத்துற லிமிட்ட குறைச்சு அடிப்பட்டி ஹூட்டுலேருந்து ஒரு சாண் கீழயே நிக்குற மாதிரி வச்சிருக்கு. பயலுவள கூப்பிட்டு திட்டல, வாழைத்தண்ட காட்டுனேன். பெரியவன் தண்டுல இருந்த பள்ளத்துல விரல வச்சு பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டான்.

தரைல பூட்டுற பழைய கொண்டியையும் வெட்டி எடுத்தாச்சு. ஒருத்தர் பூட்டி வச்சு இன்னொருத்தர் தெரியாம ரிமோட்ட அமுக்குனா மோட்டார் பூட்டோட மல்லுக்கட்டி பட்டை வளைஞ்சிரும், எங்க ஷட்டர்ல ரெண்டு பட்டை அப்பிடி வளைஞ்சதுதான்.

கரண்டு போற விஷயத்துக்கு வருவோம். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்ப எங்க பக்கம் நாள்கணக்குல கரண்டு இல்ல, அப்ப கை ஷட்டர், கவலை இல்லாம இருந்தோம். இப்ப மோட்டார். அதனால பிரேக் ஒயர வெட்டி போட முடியாது, அது இருந்தே ஆகணும், ஆனா புள்ள கை எட்டக் கூடாது. ஆணி அடிச்சு ஆறர அடில சுருட்டி கட்டியிருக்கு, பக்கத்துல ஒரு தகரத்துல பெயிண்டால எழுதி தொங்கவிட்டிருக்கேன்: "ஷட்டர் தரையில் இருந்தால் மட்டும் இழுக்கவும். நடுவில் நின்றால் முட்டு கொடுத்து எனக்கு போன் செய்யவும்." முட்டு குடுக்க ரெண்டு அயனி மரத் துண்டு, ஒண்ணு மூணு அடி ஒண்ணு அஞ்சு அடி, தகரத்துக்கு அடியிலயே சாத்தி வச்சிருக்கு. அம்மை அத வாசிச்சுட்டு "எழுத்து நல்லா இருக்கு"ன்னா, வேற ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு நடந்ததுக்கு அவ தன்னையேதான் திட்டிக்கிட்டு இருக்கா, சொல்லி குடுத்தது நான்தான்னு எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டேங்கா.

எல்லாம் முடிஞ்ச அன்னைக்கு மறுபடியும் வாழைத்தண்டு. எறக்குனேன், ஒரு முழம் தண்டு, மேல் கோடு தொடவே இல்ல கீழ் கோடு பிடிச்சுக்கிச்சு, ஷட்டர் நகரவே இல்ல. செரி எறங்கிட்டு இருக்கும்போது பாப்போம்னு பாதி வழில தண்ட உருட்டி விட்டேன், நின்னு, ஒரு செகண்டு யோசிச்சு, திரும்பி ஏறுச்சு. எம்பொண்ணு கை தட்டுனா. "இன்னொரு தடவ"ன்னா. ஏழு தடவ பண்ணிட்டு வாழைத்தண்டு பொரியலுக்கு போச்சு. இப்ப ஒவ்வொரு தமிழ் மாசம் ஒண்ணாந்தேதியும் இது எங்க வீட்டுல ஒரு சடங்கு. பிரேக்க விட்டு மூணு உயரத்துல நிக்குதான்னு பாக்குறது, சென்சார் கண்ண துணியால தொடைக்குறது, அப்புறம் தண்ட உருட்டுறது. தண்டு இல்லாத மாசம் தேங்கா மட்டை. உருட்டுற வேலை அவளுக்குதான், அதுவும் தள்ளி நின்னு.

போன ஞாயிறு கருங்கல்ல அக்கா வீட்டுக்கு சாப்பாட்டுக்கு போனோம். அங்க கை ஷட்டர்தான், அத்தான் கடையும் ஷெட்டும் ஒண்ணு. கை கழுவ போற வழில எனக்கு கை சும்மா இருக்கல, முழங்கால் உயரத்துக்கு தூக்கிட்டு விட்டேன், "தொபுக்"னு தரைல. சத்தம் கேட்டு அத்தான் கையில மீன் முள்ளோட எட்டி பாத்தாவ. "அது அப்பிடித்தான் மக்கா, ரெண்டு வருஷமா. தூக்குனா மேல வரைக்கும் தூக்கிரணும், நடுவுல கைய எடுக்கப்பிடாது." நான் ஒண்ணும் சொல்லாம அவிய வெறகுக் குவியல்லேருந்து நல்ல கட்டையா ரெண்ட எடுத்து ஷட்டருக்கு முட்டு குடுத்துட்டு, சாப்பிட உக்காருறதுக்கு முன்ன தக்கலை அண்ணாச்சிக்கு போன் போட்டேன். எடுத்ததும் கேட்டாரு, "சத்தம் எத்தன நாளு முன்ன?"